கறையில்லாத சட்டி

“கர்னலை நான் காப்பாத்துவேன். சட்டப்படி காப்பாத்துவேன்” என்று ஹோபர்ட் பிக்கன்ஸ் வலது கையைத் தூக்கிச் சபதம் செய்தார். கர்னல் அந்த நேரம் சமையலறை மேஜைக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது இப்படித் தூங்கிய குற்றவாளியை எந்தக் கோர்ட்டும் பார்த்திருக்காது.

கர்னல் வேட்டைநாய் ஜாதி. ஜாதியில் மட்டும்தான் வேட்டை. எதிரில் அணில் வந்தால் ஒதுங்கி வழிவிடும். காது இரண்டும் தரையைக் கூட்டும். கண் இரண்டிலும் எப்போதும் யாரோ செத்துப்போன துக்கம். ஹோபர்ட்டின் தீவனக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்தே அதற்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் அட்லாண்டாவுக்குக் குடிபோன பிறகு, ஹோபர்ட் பேசுவதைக் குறுக்கே விழாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். அதை நாளை மாலை மச்சினன் லாயல் வந்து தன் பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போகப்போகிறான். லாயலின் பண்ணையில் நாய்கள் வெளியில்தான் படுக்கவேண்டும். கர்னலுக்கு ஈரம் ஆகாது.

இது கோராலியின் தீர்ப்பு. கோராலி ஹோபர்ட்டின் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக்குக் கீழ்க்கோர்ட்டும் அவள்தான், மேல்கோர்ட்டும் அவள்தான்.

குற்றம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஹோம்கமிங். ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, பாட்டுப் பாடி, ஓக் மரத்தடியில் நீள மேஜை போட்டுச் சாப்பிடுகிற நாள். அந்த மேஜையில் கோராலியின் பீச் காப்ளருக்கு என்று ஓர் இடம் உண்டு. அங்கே வேறு யாரும் பாத்திரம் வைக்கத் துணிவதில்லை. இரும்புச் சட்டியில் பீச் பழத்தை வெண்ணெயும் சர்க்கரையுமாகப் பரப்பி, மேலே மாவை மூடி, பொன்னிறமாகச் சுட்டு இறக்கினால் வாசனை அடுத்த தெருவுக்குப் போய் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வரும். சனிக்கிழமை காலையில் அதைச் சுட்டு, ஆறவைத்து, துணியால் மூடிவிட்டுக் கோராலி பாட்டுக்குழு ஒத்திகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சட்டி தரையில் கிடந்தது. காப்ளரைக் காணோம். கர்னலின் மூக்கில் பீச் ஒட்டிக்கொண்டிருந்தது.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தின்றது ஹோபர்ட்.

முழுவதையும் அல்ல, பாதியை. ஓரமாக ஒரு கரண்டி எடுத்தால் தெரியாது என்று ஆரம்பித்தார். ஓரம் சரியில்லாமல் இருந்ததால் அதை நேராக்க இன்னொரு கரண்டி. நேராக்கி நேராக்கிப் பாதிச் சட்டி காலியானது. மனிதர் மார்ச் மாதத்திலிருந்து இனிப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மார்ச்சில் கடையில் கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தார். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஒரு புண் ஆறமாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதத்தை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கோராலி ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவர் கையை மட்டும் எடுத்துத் தன் கைக்குள் வைத்து, “இனிமே இனிப்பு தொடமாட்டேன்னு சொல்லுங்க” என்றாள். சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் டீக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. ஜார்ஜியாவில் சர்க்கரை போடாத டீயை நீட்டினால் விருந்தாளி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஹோபர்ட் எங்கே கிளம்புவது? குடித்தார்.

பாதிச் சட்டியைப் பார்த்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் அந்தப் படம் ஞாபகம் வந்தது.

அந்த வீட்டில் படம் என்றால் ஒரே படம்தான். சனிக்கிழமை மாலை ஆனால் கேசட்டைப் போட்டுவிடுவார். தனியாக வாழும் வயதான டாக்டர் ஒருவரைக் காப்பியில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். பழி தோட்டக்காரன்மேல் விழுகிறது. கால் கொஞ்சம் நொண்டுகிற வக்கீல் ஒருவர் அவனுக்காக வாதாடுகிறார். படம் முழுக்க அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்துவதில்லை. கடைசியில் டாக்டரின் கூட்டாளி கூண்டில் நிற்கும்போது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, டாக்டர் வீட்டுக் கப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எல்லாக் கப்பிலும் பழைய காப்பிக் கறை. ஒரே ஒரு கப்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ‘கறை இருக்கிற கப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஐயா. கறையே இல்லாத கப்பைப் பார்த்துப் பயப்படுங்கள். அதைக் கழுவியது யார்?’

அந்த இடத்தில் இசை கிடையாது. மின்விசிறிச் சத்தம் மட்டும். கூட்டாளி தண்ணீர் டம்ளரைத் தூக்குவான். கை நடுங்கித் தண்ணீர் சட்டையில் சிந்தும். ஹோபர்ட் ஒவ்வொரு தடவையும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

“இப்பப் பாரு, கோராலி, இப்பப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” அவள் மொச்சை உரித்துக்கொண்டிருப்பாள்.

“கண்ணாடியக் கழட்டுறார் பாரு. ஏன் கழட்டுறார் சொல்லு?”

“அழுக்கா இருந்திருக்கும்.”

“அழுக்கா! பன்னெண்டு ஜூரியும் அந்தக் கண்ணாடியவே பாக்குறாங்க. கேள்வி வர்றதே தெரியல. அதுதாம்மா மூளை!”

“ம்.”

“எத்தனை தடவை பாத்தாலும் உனக்கு இந்தப் படத்தோட அருமை தெரியல.”

“ம்.”

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் படத்தின்மேல் அவருக்கு இருந்தது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், பாதத்தைப் பார்க்கவே பயந்துகொண்டு படுத்திருந்தபோது, அவருக்குத் தைரியம் சொன்னது அந்த நொண்டி வக்கீல்தான். பொறுமையாகக் கேட்டால் உண்மை எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடும் என்று அந்தப் படம் சொன்னதை அவர் மனசார நம்பினார். ஒரே ஒரு காட்சிதான் அவருக்குப் பிடிக்காது. நடுவில் வக்கீலும் அவர் மனைவியும் வீட்டில் பாத்திரம் கழுவுகிற காட்சி வரும். “இதுல சட்டம் எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு டீ எடுக்க எழுந்து போய்விடுவார்.

ஆக, பாதிச் சட்டியோடு நின்ற மனிதருக்குத் தோன்றியது இதுதான்: தடயம் இருக்கக்கூடாது. மீதியைக் கர்னலின் கிண்ணத்தில் போட்டார். அது ஒரு மூச்சில் முடித்துவிட்டு மூக்கை நிமிர்த்தியது. கரண்டியைக் கழுவினார். சட்டியையும் கழுவினார். எலுமிச்சை வாசனை சோப்பை நுரைக்க நுரைக்கப் போட்டு, இரும்பு நாரால் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினார்.

தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அதுவேதான் அங்கேயும். கோராலியின் அத்தை வெர்லீன் காலத்திலிருந்து எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து மினுங்கிய சட்டி அது. அந்தக் கவுண்டியில், அதாவது அந்த ஜில்லாவில், பிறந்த குழந்தைக்குக்கூட இரும்புச் சட்டியில் சோப்பு படக்கூடாது என்று தெரியும். ஹோபர்ட்டுக்கும் தெரியும். படத்தில் வரும் கறையில்லாத கப்பும் அவருக்கு வரிக்கு வரி மனப்பாடம். மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்குப் பொருள் எதற்கு? கழுவித் துடைத்த சட்டியைத் தரையில் கவிழ்த்து, நாய் இழுத்துப் போட்டது போல் செய்துவிட்டு, கொட்டகைக்குப் போய்ப் புல்வெட்டும் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கோராலி வந்தாள். சட்டியை எடுத்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தாள். சட்டியை மேஜையில் வைத்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஹோபர்ட்! காப்ளர் எங்க?”

“ஏன், மேஜை மேல இல்லியா?”

“இல்ல.”

“ஐயையோ! நான் காலையிலேர்ந்து கொட்டகையிலதான் இருக்கேன். கையெல்லாம் கிரீஸ், பாரு” என்று சமையலறை வாசலுக்கு வந்து கையைக் காட்டினார்.

“நான் ஒண்ணும் கேக்கலியே. அப்ப கர்னல்தான் தின்னிருக்கணும், இல்ல?”

ஹோபர்ட் கர்னலைப் பார்த்தார். கர்னல் அவரை நன்றியோடு பார்த்து வாலாட்டியது. “நான் கண்ணால பாக்கல. ஆனா மூக்குல இருக்கே... சந்தர்ப்ப சாட்சியம் கொஞ்சம் பலமாத்தான் இருக்கு” என்றார்.

இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு நாய் வெளியே போகும், அதோடு முடிந்தது என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். கோராலி நேராகப் போனை எடுத்தாள்.

“லாயல்? அக்காதான். நாளைக்குச் சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வா. கர்னலக் கூட்டிட்டுப் போயிடு. ஆமா. மேஜைமேல கை வெக்கப் பழகிடுச்சு. இனிமே வீட்ல வெச்சிருக்க முடியாது.” போனை வைத்துவிட்டாள்.

ஹோபர்ட் இரண்டடி முன்னால் வந்தார். “கோராலி, ஒரு தப்புக்குப் போய்...”

“இன்னிக்குக் காப்ளர், நாளைக்குப் பாஸ்டர் வீட்டுக் கோழி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.” அவள் பெருமூச்சு விட்டாள். “ஆனா ஒண்ணு, விசாரிக்காமத் தண்டிக்கறது பாவம்னு உங்க படத்துல யாரோ சொல்வாங்களே, யாரு அது?”

“வக்கீல்! முதல் நாள் கோர்ட்டுல!”

“ம். நல்லாத்தான் சொல்லியிருக்கார். எனக்கென்ன தெரியும் அதெல்லாம்.”

அப்போதுதான் ஹோபர்ட்டுக்கு அந்த யோசனை உதித்தது. அவருக்கே உதித்தது என்று அவர் நினைத்தார். விசாரணை நடத்தினால் என்ன? வக்கீலாக நிற்பவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டியது சாட்சிதான், வக்கீல் அல்ல. ஹோபர்ட் தேவாலயத்தில் டீக்கன், சபைப் பெரியவர்களில் ஒருவர். காப்ளர் தின்பார், பைபிளைத் தொட்டுப் பொய் சொல்லமாட்டார். கர்னலின் வக்கீலாகிவிட்டால் தானும் பிழைக்கலாம், நாயும் பிழைக்கும். வலது கையைத் தூக்கி அவர் சபதம் செய்தது இப்போதுதான்.

“சரி, நடத்துங்க” என்றாள் கோராலி. “நான் அரசுத் தரப்பு. டால்மேஜ் அண்ணனப் போய் ஜட்ஜாக் கூப்பிடுங்க. நடந்தே போங்க, வண்டிச் சாவியக் காணோம். குளத்தச் சுத்திப் போங்க, குறுக்கு வழியில சேறு. முதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க, வெயிலா இருக்கு.” பெரிய ஜாடி நிறையத் தண்ணீரை நீட்டினாள். குடித்தார். இன்னொன்றும் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

டால்மேஜ் கவுண்டிக் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜக் கோர்ட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் படக் கோர்ட் என்றாலே எரிச்சல்.

“அந்தப் படத்துல வக்கீல் எவ்வளவு நடக்குறான்! எங்க கோர்ட்டுல ஒரு வக்கீல் அப்படி நடந்தா, ‘உக்காருய்யா, தரை தேயுது’ன்னு ஜட்ஜே சொல்லியிருப்பார்” என்றார்.

“அண்ணே, இது நாயோட உசுருப் பிரச்சனை. வருவீங்களா, மாட்டீங்களா?”

“ராத்திரிச் சாப்பாடு உண்டா?”

“கெளுத்தி மீன் வறுவல்.”

“அப்ப நீதி கிடைக்கும்” என்று டால்மேஜ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சமையலறையில் கோர்ட் கூடியது. டால்மேஜ் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் “எல்லாரும் எழுந்து நில்லுங்க!” என்று கூவிவிட்டு, யாருக்காக எழுந்து நிற்கவேண்டும் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஜட்ஜ் தான்தான் என்று ஞாபகம் வந்து போய் உட்கார்ந்தார். கர்னலை மேஜைக் காலில் கட்டியிருந்தார்கள். மேஜையின் நடுவில் சட்டி.

“குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்றார்?”

“குற்றவாளி இல்லன்னு சொல்றார், ஐயா” என்றார் ஹோபர்ட். தேவாலயத்துக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார். லேசாக நொண்டினார்.

“காலுக்கு என்ன?” என்று கோராலி சட்டென்று கேட்டாள். “புண்ணு வலிக்குதா?”

“இல்லம்மா. சும்மாதான்.”

“அப்ப நேரா நடங்க.”

நேராக நடந்தார்.

கோராலி முன்னால் வந்தாள். அவள் தரப்பு ரத்தினச் சுருக்கம். “நான் ஒத்திகைக்குப் போனப்ப காப்ளர் இருந்துது. வந்தப்ப இல்ல. சட்டி தரையில கிடந்துது. நாய் மூக்குல பீச். வீட்டுக்காரர் கொட்டகையில மெஷின் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தாராம். அவரே சொன்னார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார், ஐயா. ஆஸ்பத்திரியில எனக்கு வாக்குக் குடுத்திருக்கார்.”

ஹோபர்ட் டம்ளரைத் தூக்கினார். தண்ணீர் குடித்தார். கை நடுங்கி, கோட்டில் கொஞ்சம் சிந்தியது.

“எதிர்த்தரப்பு?” என்றார் டால்மேஜ்.

“ஐயா, இது ரக்கூன் வேலை.” ஹோபர்ட் தயாராக வந்திருந்தார். முகத்தில் திருடன் மாதிரி கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு ஊர்க் குப்பைத் தொட்டிகளையெல்லாம் கவிழ்க்கிற ரக்கூனைவிட வசதியான குற்றவாளி அந்தப் பக்கத்தில் கிடையாது. “கம்பிக் கதவத் தொறக்கும். மூடியத் தொறக்கும். தின்னுட்டு மிச்சத்த நாய் மூக்குல தடவிட்டுப் போயிருக்கு. நிரபராதிமேல பழி!”

“ரக்கூன் பட்டப்பகல்ல வந்துதா?”

“பசி, ஐயா.”

“கால்தடம் எங்க?”

“தொடச்சிருக்கும்.”

“ஹோபர்ட்” என்றார் டால்மேஜ் பொறுமையாக, “ரக்கூன் தன் சாப்பாட்டத் தண்ணில நனைச்சுத் தின்னும், ஒத்துக்கறேன். தரையெல்லாம் தொடச்சுட்டுப் போகாது. தள்ளுபடி.”

ரக்கூன் போய்விட்டது. ஹோபர்ட்டிடம் வேறு சரக்கு இல்லை. கர்னல் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அதன் கண்கள் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். லாயல் பண்ணையில் மழைநாளில் அது எங்கே போய் ஒண்டும்? தன் பங்கு காப்ளரை வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு, தன் பங்குக்கு மேலான பழியையும் வாயைத் திறக்காமல் சுமக்கிறதே!

கோராலி சட்டியை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். ஜட்ஜைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பாருங்க, ஐயா. எவ்வளவு சுத்தமா நக்கியிருக்கு! ஒரு பொட்டு இல்ல. நான் தேய்ச்சாக்கூட இவ்வளவு சுத்தம் வராது. நாக்கா அது, நார்தான். இப்படி ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? இதுக்கு மேல சாட்சி வேணுமா? அனுப்பிடலாம்.”

ஹோபர்ட் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். சமையலறையில் பிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்டது.

“நக்கினதா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அரசுத் தரப்பு சொல்றாங்க, நாய் நக்கினதாம். ஐயா, இந்தச் சட்டியக் கையில எடுங்க. நல்லாப் பாருங்க. இது வெர்லீன் அத்தையோட சட்டி. கறுப்பா, மினுமினுன்னு இருக்கும். இப்ப எப்படி இருக்கு? சாம்பலாட்டம் வெளுத்துக் கெடக்கு. எண்ணெய்ப் பூச்சு எங்க போச்சு? ஓரத்துல பாருங்க, துருவே பிடிக்க ஆரம்பிச்சிருக்கு! நாய் நக்கினா இரும்பு துருப்பிடிக்குமா, ஐயா?”

“இல்லதான்” என்றார் டால்மேஜ், முன்னால் சாய்ந்து.

“மோந்து பாருங்க!”

டால்மேஜ் மோந்து பார்த்தார். “எலுமிச்சை.”

“எலுமிச்சை! இந்த நாய் எலுமிச்சை வாசனை சோப்பு எடுத்துச்சா? குழாயத் திருகிச்சா? இரும்பு நார எந்தக் கையில பிடிச்சுச்சு?” ஹோபர்ட்டின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த இடத்தில் இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒரு வாதத்தை அந்தக் கவுண்டி கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது, அது உண்மையும்கூட. “கறை இருக்கிற சட்டியப் பாத்துப் பயப்படாதீங்க, ஐயா. கறையே இல்லாத சட்டியப் பாத்துப் பயப்படுங்க! இதக் கழுவினது...”

அங்கே நின்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வக்கீல் ஆசை கிடையாது.

டால்மேஜ் சட்டியைப் பார்த்தார். ஹோபர்ட்டைப் பார்த்தார். கோராலியைப் பார்த்தார். கோராலி மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“கர்னல் நிரபராதி. விடுதலை” என்றார் டால்மேஜ். கர்னலின் வால் தரையில் இரண்டு முறை தட்டியது. “எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வியப் பாதியில விட்டுட்டார். அரசுத் தரப்பு அத முடிக்க விரும்புறாங்களா?”

“எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல, ஐயா” என்றாள் கோராலி.

“அப்ப நான் தோட்டத்துல போய்த் தக்காளி பாக்குறேன். மீன் வறுத்ததும் கூப்பிடுங்க.” டால்மேஜ் தொப்பியோடு வெளியே போனார். கோர்ட்டில் எப்போது வெளியே போகவேண்டும் என்று தெரிந்த மனிதர்.

ஹோபர்ட் கோட்டோடு அப்படியே உட்கார்ந்தார். “பாதிதான், கோராலி.”

“தெரியும். மீதி அவன் வயித்துல இருக்கு. காலையிலேர்ந்து குறட்டை விடுறான்.”

“எப்பத் தெரியும்?”

“சட்டிய எடுத்தப்பவே. பின்ன எதுக்கு உங்களக் குளத்தச் சுத்தி நடக்க விட்டேன்? ரெண்டு ஜாடித் தண்ணி எதுக்கு? வண்டிச் சாவி என் ஏப்ரன் பையில இருக்கு. விரல நீட்டுங்க.”

நீட்டினார். அவள் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கிற மெஷினில் வைத்தாள். எண் வரும்வரை இருவரும் மெஷினையே பார்த்தார்கள். வந்தது. கூடத்தான் இருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. கோராலி மெஷினை மேஜையில் வைத்துவிட்டு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார் ஹோபர்ட்.

“சொல்லியிருக்க மாட்டீங்க. ரக்கூன்னு சொல்லியிருப்பீங்க. உங்ககிட்ட உண்மைய வரவழைக்கணும்னா கேக்கக்கூடாது, ஹோபர்ட். வாதாட விடணும்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “பொய் சொன்னது பெருசில்ல. காப்ளரும் பெருசில்ல, பழம் ரெண்டு பங்காத்தான் வாங்கி வெச்சிருக்கேன். அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில மறுபடி என்னால உக்கார முடியாது. நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு அன்னிக்கு நெனச்சேன். அத உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல. இப்பச் சொல்றேன்.”

படத்தில் இதற்கு வசனம் இல்லை. ஹோபர்ட் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கர்னல் நடுவில் மூக்கை நுழைத்தது.

கொஞ்சம் தேறியதும் அவர் எழுந்து லாயலுக்குப் போன் போட்டார். “லாயல், நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரவேணாம். கர்னல் விடுதலை ஆயிட்டான்.”

“என்ன வண்டி? எந்த விடுதலை?” என்றான் லாயல் மறுமுனையில். “அத்தான், நான் இப்பத்தான் மீன் பிடிச்சுட்டு வீட்டுக்குள்ள நுழையறேன். காலையிலேர்ந்து ஏரியிலதான் இருந்தேன்.”

ஹோபர்ட் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கோராலி மீனுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். காலையில் அவள் பேசிய போனில் மறுமுனை என்று ஒன்று இருக்கவே இல்லை.

தண்டனையும் அன்றே நிறைவேற ஆரம்பித்தது. சட்டியில் எண்ணெய் தடவி, அடுப்பில் காயவிட்டு, துடைத்து, மறுபடி தடவி, மறுபடி காயவிட்டு, கறுப்பு ஏறும்வரை ஹோபர்ட் நின்றார். நாளை ஓக் மரத்தடியில் புதுக் காப்ளரை அவரே தன் கையால் எல்லாருக்கும் எடுத்து வைக்கவேண்டும், விரலைக்கூட நக்கக்கூடாது என்பது இரண்டாம் பாகம். அப்பீல் கிடையாது.

மீன் சாப்பிட்டு டால்மேஜ் போன பிறகு, ஹோபர்ட் தயங்கித் தயங்கிக் கேசட்டை எடுத்தார். “இன்னிக்கு வேணாமோ?”

“சனிக்கிழமைதானே. போடுங்க” என்றாள் கோராலி. மொச்சைக் கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் செத்தார். தோட்டக்காரனைப் பிடித்தார்கள். வக்கீல் நொண்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார், தோற்றுப்போன முகத்தோடு வீடு திரும்பினார். பாத்திரம் கழுவுகிற காட்சி வந்தது. ஹோபர்ட் டம்ளரோடு எழுந்தார்.

“உக்காருங்க” என்றாள் கோராலி.

“இதுல சட்டம் எதுவும்...”

“உக்காருங்க, ஹோபர்ட்.”

உட்கார்ந்தார். திரையில் வக்கீலின் மனைவி தொட்டித் தண்ணீரிலிருந்து ஒரு கப்பை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ‘கப்பெல்லாம் கறைன்னு சொல்றீங்க, ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு இருக்குன்னும் சொல்றீங்க’ என்றாள் கணவனிடம். ‘ஆம்பள தனியா இருக்கிற வீட்ல எந்த ஆம்பள கப்பத் தேய்ச்சுக் கழுவுவான்? மறைக்கிறதுக்கு ஏதாவது இருந்தாத்தான் கழுவுவான். கழுவினது யாருன்னு கேளுங்க.’ வக்கீல் துணியைக் கீழே போட்டுவிட்டு மனைவியையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹோபர்ட் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இந்தக் காட்சிய எப்பச் சேத்தாங்க?” என்று கேட்டார்.

“நீங்க டீ எடுக்கப் போனப்ப” என்றாள் கோராலி, மொச்சையை உரித்துக்கொண்டே.